பாபோஸ் துறைமுகத்தில் பேசிய கேசட்

துபாயில் நான் டிரைவராக இருந்த வீட்டு முதலாளியை எல்லோரையும் போல நானும் அர்பாப் என்றுதான் கூப்பிடுவேன். எழுபதுகளின் கடைசியில் ஒரு கோடைக்கு அவர் குடும்பத்தோடு சைப்ரஸ் தீவுக்குப் புறப்பட்டார். மத்தியதரைக் கடலில் இருக்கும் அந்தத் தீவில் வண்டிகள் நம் ஊர் மாதிரி இடது பக்கமாக ஓடும். அர்பாபுக்கு அது பழக்கமில்லை. "உனக்கு அந்தப் பக்கம் ஓட்டத் தெரியும். நீயும் வா" என்றார். தலையாட்டினேன்.

எனக்கு ஏப்ரல் மாதமே லீவு வந்துவிட்டது. இரண்டு வருஷம் வேலை செய்தால் இரண்டு மாதம் ஊருக்குப் போகலாம் என்பது பேச்சு. அவராகச் சொல்வார் என்று நான் இருந்தேன். நான் கேட்பேன் என்று அவர் இருந்தாரோ, அல்லது மறந்தே போனாரோ. மூன்று தடவை அவர் உட்கார்ந்திருக்கும் மஜ்லிஸ் வாசல் வரை போய்ச் செருப்பைக் கழற்றினேன். மூன்று தடவையும் திரும்ப மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். மனைவிக்கு, 'அர்பாப் லீவு தரமாட்டேன் என்கிறார்' என்று கடிதம் போட்டேன்.

சைப்ரஸில் நாங்கள் முதலில் தங்கியது லிமசோல். கடலோரம் முழுக்க ஹோட்டல்கள். மணலில் ஆணும் பெண்ணும் உடம்பெல்லாம் எண்ணெய் தடவிக்கொண்டு வெயிலில் படுத்திருந்தார்கள். வெயிலுக்காகவே விமானம் ஏறி வந்தவர்களாம். துபாயில் நாங்கள் கம்பத்து நிழலைக்கூட விடமாட்டோம். எனக்கு எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியவில்லை. காரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். நாற்பது நாளும் அந்தக் காரைப் போலச் சுத்தமான கார் அந்தத் தீவில் இருந்திருக்காது.

பிறகு லார்னகா போனோம். கடற்கரைச் சாலை நெடுக ஈச்ச மரங்கள். ஊருக்கு வெளியே, கோடையில் வற்றி வெள்ளையாகக் கிடக்கும் ஒரு உப்பு ஏரி. அதன் கரையில் ஒரு பழைய பள்ளிவாசல். அங்கே மதியத் தொழுகையான லுஹர் தொழுதேன். பக்கத்தில் நின்றவர் பேசிய பாஷை எனக்குப் புரியவில்லை. ஸலாம் மட்டும் புரிந்தது, அது போதுமாக இருந்தது.

கடைசியாகப் பாபோஸ். சின்னத் துறைமுகம், அதன் முனையில் ஒரு சின்னக் கோட்டை. கயிற்றில் துணி காயப்போடுவது போலக் கணவாய் மீனைக் காயப்போட்டிருந்தார்கள். நான் கடற்கரையில் பிறந்தவன். அந்தக் கடலில் எனக்கு ஒரு விஷயம் விசித்திரமாகப் பட்டது. காலையில் தண்ணீர் தொட்ட கல்லையேதான் மாலையிலும் தொட்டுக்கொண்டிருந்தது. ஏற்றமும் இல்லை, வற்றமும் இல்லை. நம் கடல் அப்படியா இருக்கும்?

அர்பாப் குடும்பம் படகில் போயிருந்தது. நான் தனியாகக் கல்சுவரில் உட்கார்ந்திருந்தேன். தனியாக என்றால், பிழைக்க வெளிநாடு வந்த பிறகு, எங்கள் பேச்சில் சபர் வந்த பிறகு, முதல் தடவையாக.

அப்போதெல்லாம் நாங்கள் கேசட்டில் பேசித்தான் ஊருக்கு அனுப்புவோம். என்னைப் போல எழுத்து கூட்டுகிறவர்களுக்கு அது பெரிய வசதி. ஆனால் பர் துபாயில் ஒரே ரூமில் ஆறு பேர். நான் டேப்ரெக்கார்டரை எடுத்தாலே ஒருவர் ஆரம்பிப்பார்: "சத்தம் போடாதீங்கப்பா, பாய் ரேடியோ நியூஸ் வாசிக்கப் போறாரு." நானும் அப்படித்தான் வாசிப்பேன். மாமி நலமா, மச்சினிமார் நலமா, பிள்ளைகள் ஓதுகிறார்களா.

சைப்ரஸுக்கும் டேப்ரெக்கார்டரோடு ஒரு கேசட் கொண்டுபோயிருந்தேன். ஒரு பக்கம் அந்த நியூஸ் ஏற்கெனவே பேசியாகிவிட்டது. மறுபக்கம் காலி. சுவரில் உட்கார்ந்து அதில் என் மனைவியிடம் பேசினேன். லிமசோல், லார்னகா, கணவாய், எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல வாய் தானாகத் திறந்துகொண்டது. "அர்பாப் விடலைன்னு எழுதுனது பொய். நான் கேக்கவே இல்ல. வாசல்ல போய் நின்னா நாக்கு எழும்ப மாட்டேங்குது" என்றும் சொல்லிவிட்டேன்.

துபாய் திரும்பியதும் ஊருக்குப் போகிற ஒருவரிடம் அதைக் கொடுத்தனுப்பினேன். அவர் விமானம் ஏறிய பிறகுதான் உறைத்தது. சபரிலிருந்து கேசட் வந்தால் எங்கள் வீட்டில் யார் தனியாகக் கேட்பார்கள்? கூடத்தில் வைத்து, அவள் உம்மாவான என் மாமி, மச்சினிமார், பக்கத்து வீட்டார் எல்லோரும் சுற்றி உட்கார்ந்துதான் கேட்பார்கள். இரண்டு பக்கமும்.

ஒரு மாதம் சரியாகச் சாப்பிடவில்லை. எல்லோர் முன்னாலும் அவளைத் தலைகுனிய வைத்துவிட்டேன். இனி என்னோடு பேசுவாளா?

அவள் கேசட் வந்தது. ரூமில் போடத் தைரியம் இல்லை. ஜுமேரா பக்கம் மணலில் காரை நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக் கேட்டேன். முதல் பக்கத்தில் வழக்கம்போல எல்லோரும் ஸலாம் சொன்னார்கள். அவள் குரல் மட்டும் இல்லை. மறுபக்கத்தில் அவள் மட்டும் இருந்தாள்.

"எல்லாரும்தான் கேட்டாங்க மச்சான். உம்மா பாதியில எழும்பிப் போயிட்டாங்க. நான் ஆறு மாசமா அந்த அரபியை ஏசிக்கிட்டு இருந்தேன். பாவம், அந்த மனுசன். ஊர் ஊராப் போய்க் கடல் பாத்தீங்களே, ஒரு வார்த்தை கேக்க முடியலையா உங்களுக்கு? போய்க் கேளுங்க. அவர் மாட்டேன்னு சொன்னாலும் பரவாயில்ல. நீங்க கேட்டீங்களான்னுதான் எனக்குத் தெரியணும்."

கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவள் என்னிடம் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. நானும் இடம் கொடுத்ததில்லை.

மறுநாள் காலை மஜ்லிஸுக்குள் போனேன். அர்பாப் டீ குடித்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த அரபியில், "லீவு வேணும். ஏப்ரல்லயே வந்துடுச்சு" என்றேன். குரல் யாருடையதோ போல இருந்தது.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "ஏப்ரலா? ஏன் சொல்லல நீ? சைப்ரஸுக்கு வேற டிரைவர் பிடிச்சிருப்பேனே" என்றார். பிறகு, "கலாஸ், முடிஞ்சுது. வியாழக்கிழமை போ" என்று சொல்லிவிட்டு மறுபடியும் டம்ளரை எடுத்தார். அவருக்கு அது அவ்வளவுதான்.

வெளியே வந்து வெகுநேரம் காரில் சும்மா உட்கார்ந்திருந்தேன். சந்தோஷத்தில் அல்ல. ஆறு மாதம் என்னை யாருமே பிடித்து வைத்திருக்கவில்லை என்பதை நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு தந்தி கொடுக்கப் போனேன். 'வியாழன் வருகிறேன்' என்று எழுதச் சொல்லப் போனவன், அதற்கு முன்னால் 'கேட்டுவிட்டேன்' என்பதையும் சேர்க்கச் சொன்னேன்.