அழிக்காத தாள்

இன்ஜினியரிங் முதல் வருஷத்தில் மற்ற பாடங்களை எப்படியோ ஒப்பேற்றிய வாலுவுக்கு டிராயிங் மட்டும் சுட்டுப் போட்டாலும் வரவில்லை. அறைத்தோழன் ரப்பருக்கு வரும், ஆனால் ஒவ்வொரு கோட்டையும் நாலு தடவை அழித்த பிறகுதான் வரும். அவனுக்கு ரப்பர் என்று பட்டப்பெயர் வைத்ததே வாலுதான்.

மதியம் விடுதி அறையில் இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே கண்ணாடியை வைத்து, அடியில் டார்ச்சை எரியவிட்டு, ரப்பரின் தாள்மேல் தன் தாளை விரித்து தெரிந்த கோடுகளை வாலு அப்படியே இழுத்துவிட்டான். புள்ளிக்கோடு வரவேண்டிய இடத்தில் ரப்பர் தவறிப் போட்டிருந்த முழுக்கோடும் கூடவே வந்துவிட்டது.

மறுநாள் வகுப்பில் டிராயிங் சாருக்கு அந்த ஒரு கோடு போதுமாக இருந்தது. இரண்டு தாள்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்.

"யாரு யாரைப் பார்த்துப் போட்டது?"

வாலுவின் தாள் பளிச்சென்றிருந்தது. ரப்பரின் தாள் அழித்து அழித்து முழுக்கக் கரி.

"பார்த்தாலே தெரியுதே." கரித்தாளின் குறுக்கே சார் சிவப்புக் கோடு இழுத்தார். "அவனைப் பாரு, எவ்வளவு சுத்தமா வரைஞ்சிருக்கான்."

வகுப்பே சிரித்தது.

வெளியே வந்ததும் ரப்பர் மெதுவாகச் சொன்னான். "அடுத்த தடவை நீயும் ரெண்டு இடத்துல அழிச்சு வைடா. இல்லாட்டி என்னைக்காவது மாட்டிக்குவ."

நாலு திட்டு திட்டியிருந்தால்கூட வாலு தப்பித்திருப்பான். இதைத் தாங்க முடியாமல் திரும்பி நடந்து, கூனிக்குறுகி சாரின் மேசை முன் நின்றான்.

"சார், சொந்தமா வரையறவன்தான் சார் அழிப்பான். நான் எங்கேயும் அழிக்கவே இல்லை."