தடித்த நாட்களில் படகு இல்லை

நிபால்டோ மன்சில்யா படகு முகப்புகளில் பெயர் தீட்டிப் பிழைத்தவர். சிலோயே தீவில் அவர் கை படாத படகு குறைவு. நாற்பது தாண்டியதும் ஒரு படகுக் கம்பெனி அவரைத் துறைக்கு மேலே ஓர் அறையில் உட்காரவைத்து இணையப் பக்கத்தை ஒப்படைத்தது. பக்கத்தைப் பார்த்துப் பார்த்து இழைத்தார். அந்தக் கர்வம் கொஞ்சம் தலைக்கேறியும் இருந்தது.

இந்த வாரம் குளிர்கால அட்டவணை மாறியது. அதன் தலையில் ஒரு வரி போட்டார்: தடித்த எழுத்திலுள்ள நாட்களில் படகு இல்லை. ஒரு சொல்லைத் தடிப்பாக்க இரண்டு வழி உண்டு. ஸ்ட்ராங் என்ற குறிக்குள் அடைத்து, இது முக்கியம் என்று கணினிக்கே சொல்லலாம். அல்லது எழுத்துக்கு வெறும் தடிப்பைப் பூசலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதானே என்று அவர் பூசிவிட்டார்.

வியாழன் காலை, தூறலில், துறையில், ஊரார் மரியாதையாகத் 'தோன்யா' என்றழைக்கும் முதியவர் ஒதிலியா மட்டும் மலர்வளையத்தோடு நின்றார். அவருக்குக் கண் தெரியாது. நிபால்டோ குடையோடு இறங்கினார்.

"இன்னைக்குப் படகு இல்லியே, தோன்யா."

"உன் பக்கம் இருக்குன்னுதானே சொல்லிச்சு. திரும்பத் திரும்பக் கேட்டேன்."

"இருக்காதே. நல்லா தடிப்பா போட்டிருக்கேன்."

ஒதிலியா தன் கைபேசியைத் தட்டினார். திங்கள், செவ்வாய், புதன், வியாழன் என்று ஒரே தொனியில் ஓதியது, பக்கத்தை வாசித்துக்காட்டும் குரல். எந்த நாளுக்கும் வித்தியாசமில்லை.

"முக்கியமான சொல் வந்தா 'அழுத்தம்'னு சொல்ற மாதிரி பேத்தி வச்சுக் குடுத்திருக்கா. ஆஸ்பத்திரி பக்கத்துல சொல்லும். உன்னுதுல வாயே திறக்கல. சரி, எல்லா நாளும் ஓடுதுன்னு நெனச்சேன்."

"வளையம் யாருக்கு?"

"தங்கச்சிக்கு. அக்கரையில மத்தியானம் புதைக்கிறாங்க."

நிபால்டோ தெரிந்த படகுக்காரர் எல்லோரையும் கைபேசியில் கூப்பிட்டுப் பார்த்தார். காற்று பலம் என்று சிறு படகுகளுக்குத் துறையை அடைத்திருந்தார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் மேலே ஓடி, இல்லாத நாட்களை ஸ்ட்ராங்கில் அடைத்தார், ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'படகு இல்லை' என்று எழுதினார். ஒரு மிடறு மாத்தே தேநீர் குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. இவ்வளவுதானா வேலை என்று அவர் திகைத்து உட்கார்ந்துவிட்டார்.

அவர் இறங்கி வந்தபோது மத்தியானம் ஆகியிருந்தது. "இப்பக் கேளுங்க, தோன்யா."

"அழுத்தம். வியாழன். படகு இல்லை," என்றது குரல்.

"நல்லாச் சொல்லுது, தம்பி," என்றார் ஒதிலியா. "இந்நேரம் அங்க மண்ணு போட ஆரம்பிச்சிருப்பாங்க."