ரங்கூனும் சிலோனும் தைத்த ஜாக்கெட்

ஜாக்கெட் தைப்பது சுலபம். அதைப் போட்டுக்கொள்ளப் போகிறவரைச் சமாளிப்பதுதான் தொழில். "நாளைக்குத் தந்துருவேன்" என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறீர்கள்? தீபாவளிக்கு முந்தின வாரம் கடைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே மூச்சுவிடாமல் உட்கார்ந்திருக்கிறீர்களா? அப்படியென்றால் நீங்கள் நம்ம ஆள். மேலே படியுங்கள்.

தேனி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில், வீட்டின் முன்னறையில் நான் தையல் கடை போட்டது அறுபதுகளின் நடுவில். சர்ச்சில் நடந்த தையல் வகுப்புக்குப் போய்வந்த தைரியம்தான் முதல். என்னோடு இருந்து கடையைத் தூக்கி நிறுத்தியவர்கள் இரண்டு பெண்கள். ராஜாம்பாள் பர்மாவிலிருந்து வந்தவள். செல்லம்மா சிலோனிலிருந்து வந்தவள். இருவரும் தமிழச்சிகள்தான். ஆனால் பிழைக்க வந்தபோதுதான் தமிழ்நாட்டை முதன்முதலாகக் கண்ணால் பார்த்தார்கள்.

வேலை கேட்டு வந்தவள்

பர்மாவில் கடை கண்ணிகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டு நம்மவர்களைக் கப்பலேற்றி அனுப்பிய காலம் அது. ஒருநாள் காலையில் பூப்போட்ட கைலியும் இடுப்போடு நிற்கிற வெள்ளைச் சட்டையும் போட்ட ஒருத்தி வாசலில் வந்து நின்றாள். கன்னத்தில் சந்தனம் மாதிரி எதையோ வட்டமாகப் பூசியிருந்தாள். கையில் ஒரு துணி மூட்டை. பிரித்தால் உள்ளே பெரிய கத்திரிக்கோல். ரங்கூனில் கப்பல் ஏறும்போது காதில், கழுத்தில் கிடந்ததையெல்லாம் கழற்றி வாங்கிக்கொண்டார்களாம். கத்திரிக்கோல் யார் கண்ணுக்கும் நகையாகத் தெரியவில்லை.

எனக்கே அப்போது வாடிக்கை கம்மி. ஆள் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என யோசித்துக்கொண்டிருந்தேன். அவளோ என் முகத்தைப் பார்க்காமல், நான் போட்டிருந்த ஜாக்கெட்டின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இத யாரு தச்சது?" என்றாள். "நான்தான்" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. ராஜாம்பாள் மூட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "அப்படின்னா எனக்கு இங்க வேலை இருக்கு."

கைலி விவகாரம்

ராஜாம்பாள் கைலியோடு மெஷினில் உட்கார்ந்ததும் சந்தே திரண்டு வந்து எட்டிப் பார்த்தது. எதிர்வீட்டு வள்ளியக்கா பலசரக்குக் கடைக்காரர் மனைவி. ஊர் நியாயத்தை எல்லாம் அவர் ஒருத்தரே சுமந்துகொண்டிருந்தார். "ஏத்தா கிரேஸு, பொம்பள கைலி கட்டிக்கிட்டு நடுச்சந்துல உக்காந்திருக்கா. எங்க வீட்டு ஆம்பளைக எல்லாம் என்ன நெனைப்பாக? சேலை கட்டச் சொல்லு" என்று என்னைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் ராஜாம்பாள் சேலையில் வந்தாள். அவளுக்குச் சேலை பழக்கமில்லை. மூச்சு விட்டால் அவிழ்ந்துவிடும் என்பதுபோல் நடந்தாள்.

அன்றைக்கே வள்ளியக்கா, தன் அண்ணன் வீட்டு விசேஷத்துக்குத் தைக்கக் கொடுத்திருந்த பட்டு ஜாக்கெட்டை வாங்க வந்து பக்கத்தில் நின்றார். ராஜாம்பாள் மெஷினை மிதிக்க, அவளுடைய முந்தானை சக்கரத்தில் மாட்டிக்கொண்டது. சக்கரம் இழுத்த இழுப்பில் ராஜாம்பாள் குனிந்தாள். பட்டுத்துணி ஊசிக்கடியில் கோணிக்கொண்டது. வள்ளியக்கா "ஐயோ என் பட்டு!" என்று அலறிக்கொண்டு பாய்ந்தார். அவர் முந்தானையும் உள்ளே போய்விட்டது. இரண்டு பேரையும் பிரித்தெடுப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. துணிக்கு நல்லவேளை ஒன்றும் ஆகவில்லை. வள்ளியக்கா தன் சேலையை உதறி உடுத்திக்கொண்டு தீர்ப்பை மாற்றிச் சொன்னார்: "இவ அந்தக் கைலியவே கட்டட்டும்த்தா. பாக்குறவுக கண்ண மூடிக்கிறட்டும்."

தேத்தண்ணி

செல்லம்மா வந்தது எழுபதுகளில், ஒப்பந்தம் போட்டுத் தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில். சிலோன் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கூலிக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டில் வளர்ந்து, கொழுந்து பறித்தே கை காய்த்தவள். ராமேஸ்வரத்தில் கப்பல் இறங்கி, முகாமில் தங்கி, புருஷனுக்கு இங்கே நூல் மில்லில் வேலை கிடைத்ததால் தேனிக்கு வந்தாள். தையல் தெரியாது. ஆனால் கொழுந்து கிள்ளிய விரல்கள் ஊக்கு வைப்பதிலும் ஓரம் அடிப்பதிலும் பறந்தன.

முதல் நாள் முக்குக் கடையிலிருந்து டீ வரவழைத்தேன். அவள் பேச்சில் அது தேத்தண்ணி. ஒரு வாய் குடித்தவள் தம்ளரையே உற்றுப் பார்த்தாள். "என்ன, நல்லால்லையா?" என்றேன். "தோட்டத்துல நல்ல கொழுந்தெல்லாம் பொட்டியில போட்டு வெள்ளைக்காரன் நாட்டுக்கு அனுப்பிருவாங்க. எங்களுக்குத் தூசிதான் குடுப்பாங்க" என்றாள். அப்புறம் மீதியையும் ஒரே மடக்கில் குடித்துவிட்டுச் சொன்னாள்: "பயப்படாதீங்கக்கா, அதே தூசிதான். நமக்குப் பழகின ருசி."

மார்க்கையன்கோட்டைச் சொந்தம்

செல்லம்மாவின் பாட்டன் கருப்பையா மார்க்கையன்கோட்டைக்காரர். பிழைப்புத் தேடிச் சிலோனுக்குப் போனவர் அங்கேயே கண்ணை மூடிவிட்டார். அந்த ஊரில் யாராவது தன் சொந்தம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தீராத ஆசை. அந்த ஊருக்கு ஒரு கல்யாணத் துணி கொண்டுபோக வேண்டியிருந்தது. அவளையும் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் நெல் நாற்று. அவள் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்துவிட்டோம். கருப்பையாவின் தம்பி வழிப் பேத்தி, பேச்சியம்மா என்று பெயர், வாசலில் வந்து நின்றாள். செல்லம்மா பாட்டன் பேரைச் சொன்னாள். பேச்சியம்மா முகம் இறுகிவிட்டது. "அப்படி யாரும் எங்க வகையறாவுல இல்ல" என்று பாதிக் கதவைச் சாத்தினாள். எனக்குக் கோபம் வந்தது. செல்லம்மாவுக்கு அழுகை வந்தது. திரும்பித் தெருவில் இறங்கினோம்.

பிறகு செல்லம்மாவே திரும்பப் போய், கதவிடுக்கில் பேசினாள். "அக்கா, வயல், வீடு எதுவும் எனக்கு வேணாம். அங்க எங்கள இந்தியாக்காரின்னாங்க. இங்க சிலோன்காரின்றாங்க. இந்த ஊருக்காரின்னு ஒரு ஆள் சொல்லிக் கேட்டுட்டுப் போயிர்றேன்." கதவு முழுசாகத் திறந்தது. பேச்சியம்மா இவளை ஏற இறங்கப் பார்த்தாள். "கருப்பையாத் தாத்தனுக்கும் இப்படித்தான் முன்பல்லு ஏறியிருக்குமாம், எங்கய்யா சொல்லுவாக" என்று சிரித்துவிட்டாள். சிரித்தபோது பார்த்தால் அவளுக்கும் அதே பல். செல்லம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே பேச்சியம்மா சொன்னாள்: "நெலத்துல பங்கு கேக்காத சொந்தக்காரிய இப்பத்தான் பாக்குறேன். உள்ள வா ஆத்தா!"

முகூர்த்த ஜாக்கெட்

சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருந்த ஒரு குடும்பம். ஒரே மகளுக்குக் கல்யாணம். பெண்ணுக்கு, சீருக்கு, சொந்தபந்தத்துக்கு என்று அத்தனை ஜாக்கெட்டும் எங்களிடம். அப்படி ஒரு வேலை கடைக்கு அதற்கு முன் வந்ததில்லை. பெண்ணின் அம்மா கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "முகூர்த்த ஜாக்கெட்ட மட்டும் நீயே தச்சிருத்தா. அகதியா வந்தவுக கை அதுல பட வேணாம். ஊர விட்டு வந்தவ தச்சா எம் மகளும் ஊர விட்டு அலையணும்."

மெல்லத்தான் சொன்னார். ஆனால் ராஜாம்பாள் காதில் விழுந்துவிட்டது. மெஷின் சத்தம் நின்றது. வேலையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று வாயெடுத்தேன். ராஜாம்பாள் கண்ணைக் காட்டி வேண்டாம் என்றாள். "நீங்களே தைங்கக்கா" என்றாள், ரொம்ப மரியாதையாக. அந்த மரியாதைதான் என்னைக் குத்தியது.

தைத்தேன். பெண் அளவு பார்க்க வந்தாள். போட்டுக்கொண்டு உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்: "அம்மா, கையத் தூக்க முடியல. மாலை மாத்துறப்ப மாப்பிள்ளைதான் குனியணும்." செல்லம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வாயில் துணியை வைத்து அடைத்துக்கொண்டாள். பெண் வெளியே வந்து நேராக ராஜாம்பாளிடம் போய் நின்றாள். "நீங்க பிரிச்சுத் தச்சுக் குடுங்கக்கா" என்றாள். அம்மா முகம் கறுத்தது. பெண் விடவில்லை. மாப்பிள்ளைக்கு வேலை பம்பாயில். அங்கே யாரையும் அவளுக்குத் தெரியாது. பாஷையும் தெரியாது. பல நாளாக மனசில் வைத்திருந்த பயத்தையெல்லாம் சேர்த்து அம்மாவிடம் சொன்னாள்: "நானும்தானம்மா ஊர விட்டுப் போகப் போறேன். போன எடத்துல பொழச்சுக் காட்டினவுக தச்சதப் போட்டாத்தான் எனக்குத் தைரியமா இருக்கும்."

எதிர்க் கடை

எண்பதுகளில் ராஜாம்பாள் தனிக்கடை போட்டாள். எங்கே? எங்கள் சந்திலேயே, வள்ளியக்கா வீட்டு முன்னறையில். வாடகைக்கு விட்டது சாட்சாத் வள்ளியக்காவேதான். "ரங்கூன் லேடீஸ் டெய்லர்" என்று பெரிய போர்டு. குத்துவிளக்கு ஏற்ற என்னைத்தான் கூப்பிட்டாள். என் வாடிக்கைக்காரர்கள் முக்கால்வாசிப் பேர் அங்கே நின்று எனக்கே சர்க்கரை எடுத்துக் கொடுத்தார்கள். சக தொழிலாளிகளே, அந்தச் சர்க்கரை எப்படித் தொண்டையில் இறங்கியிருக்கும் என்று உங்களுக்குத்தான் புரியும்.

அன்று முழுவதும் என் கவலை செல்லம்மாவைப் பற்றி. இவளும் அங்கே போய்விட்டால் கடையைச் சாத்த வேண்டியதுதான். ராஜாம்பாள் அவளைக் கூப்பிட்டதும் எனக்குத் தெரியும். மறுநாள் செல்லம்மா காலையில் என்னிடம் வந்து ஊக்கு வைத்தாள். சாப்பாட்டுக்கு மேல் எழுந்து, எதிர்க்கடைக்குப் போய் அங்கேயும் ஊக்கு வைத்தாள். சாயங்காலம் வந்தவளிடம், "இது என்னடி, ரெண்டு பக்கமும்?" என்று கேட்டேன். பதில் தயாராகவே வைத்திருந்தாள்: "ரெண்டு நாட்டுக்கு நடுவுல நின்னு பழகினவ நான், ரெண்டு கடை எனக்கு என்னக்கா பெருசு?"

கப்பலேறி வந்த இரண்டு பேருக்கு நான்தான் வாழ்வு கொடுத்தேன் என்று சர்ச்சில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன், தயவுசெய்து நீங்கள் யாரும் அந்த இரண்டு பேரிடம் போய் விசாரித்துவிடாதீர்கள்.