பகவதி சித்தி கை முக்கவில்லை

மக்களே, போன ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். உங்கள் அம்மை அடுக்களையில் நெய் உருக்கிக்கொண்டிருந்தாள். முருங்கையிலை போட்டு இறக்கும்போது ஒரு மணம் வருமே, அதற்காக நான் வாசலில் போய் நிற்பது வழக்கம். சட்டியில் ஒட்டியிருக்கும் மொறுமொறு இலை எனக்குத்தான். அந்த நேரம் பார்த்துப் பெரியவளின் ஜாமெட்ரி பெட்டியைக் காணவில்லை. சின்னவன் எடுக்கவில்லை என்கிறான். பெரியவள் அடுப்பைக் கைகாட்டிக் கேட்டாள்:

"எடுக்கலேன்னா நெய்யில கை முக்குவியா?"

சின்னவன் ரோஷத்தில் கையை நீட்டியே விட்டான். அதற்குத்தான் கத்தினேன். கோபம் வந்தால் எனக்கு நாலு வார்த்தை சேர்த்துப் பேச வராது என்று உங்களுக்குத் தெரியும். எழுதினால் கொஞ்சம் வருகிறது.

பள்ளிக்கூடத்தில் சுசீந்திரம் கோயிலுக்குக் கூட்டிப்போனபோது கேட்ட கதை என்றாள் பெரியவள். அங்கே கொதிக்கிற நெய்யில் கை விட்டால் பொய்யனுக்கு வேகும், யோக்கியனுக்கு வேகாது என்று யாரோ சொன்னார்களாம். பிள்ளைகள் எல்லாம் கை தட்டினார்களாம். எதற்குத் தட்டினீர்கள்?

அந்தக் கோயில் எனக்கு அந்நியம் இல்லை. என் அம்மை பிறந்தது பக்கத்து ஊரான ஆசிரமம். அத்திரி முனிவரும் அனுசூயையும் குடில் போட்டு இருந்த இடம் என்பதால் அந்த ஊருக்கே அதுதான் பெயர். அப்போது அதெல்லாம் ஞானக் காடாம். நான் பார்க்கையில் காடு எதுவும் இல்லை. வயலும், பழையாறும், துணி துவைக்கும் கல்லும்தான். சின்ன வயதில் ஒவ்வொரு கல்லையும் பார்த்து, இதில் அத்திரி உட்கார்ந்திருப்பாரோ என்று நினைப்பேன். ஒருநாள் பக்தியோடு தொட்டுக் கும்பிட்ட கல் எருமையைக் கட்டுகிற கல் என்று மாமன் சொல்லிச் சிரித்தார்.

முனிவர் வெளியே போயிருந்த நேரம் மூன்று பேர் பிச்சைக்கு வந்தார்கள். சிவன், விஷ்ணு, பிரம்மா, வேஷம் மாறி. அனுசூயை இலை போட்டாள். உடம்பில் துணி இல்லாமல் வந்து பரிமாறினால்தான் சாப்பிடுவோம் என்றார்கள். அவள் கற்பைச் சோதிக்கிறார்களாம். இதை உங்களுக்குச் சொல்ல எனக்கு நாக்குக் கூசுகிறது, கேட்டவர்களுக்குக் கூசவில்லை. வீட்டில் சும்மா இருந்தவளை எதற்குச் சோதிக்க வேண்டும்? அவள் அழவும் இல்லை, சத்தியம் செய்யவும் இல்லை. புருஷனின் பாதம் கழுவின தண்ணீரை எடுத்துத் தெளித்தாள். மூன்று பேரும் கைக்குழந்தைகளாகிக் கிடந்து கத்தினார்கள். அப்புறம்தான் பரிமாறினாள். அந்த மூன்று பேரும் ஒரே லிங்கமாக இருக்கிற இடம்தான் சுசீந்திரம். தாணு, மால், அயன். தாணுமாலயன்.

இந்திரன் கதை வேறு. கௌதம முனிவரின் மனைவி அகலிகையிடம் கேவலமாக நடந்து சாபம் வாங்கினவன் அவன். இங்கே வந்து கொதிக்கிற நெய்யில் முங்கிச் சுத்தமானான் என்பார்கள். இன்றைக்கும் ராத்திரி பூசை அவனே செய்கிறான் என்று நம்பிக்கை. அதனால், உள்ளே கண்டதை வெளியே சொல்ல மாட்டேன் என்று பூசை செய்கிறவர்கள் சத்தியம் செய்வார்களாம்.

ராஜா காலத்தில் இதையே வழக்காக்கிவிட்டார்கள். கைமுக்கு என்று பெயர். பழி வந்தவன் கொதிக்கிற நெய்க்குள் கை விட்டு உள்ளே கிடக்கும் சின்ன விக்கிரகத்தை எடுக்க வேண்டும். கையைத் துணியால் கட்டி, சில நாள் கழித்து அவிழ்த்துப் பார்த்துத் தீர்ப்பு. எத்தனை பேர் கை வெந்ததோ, பிறகு வந்த ஒரு ராஜா போதும் என்று நிறுத்தினார். வழக்குதான் நின்றது. பேச்சு நிற்கவில்லை. எங்கள் பக்கத்தில் எதற்கெடுத்தாலும் "கை முக்குவியா?"தான். மாங்காய் காணாமல் போனாலும், கோழி காணாமல் போனாலும்.

நான் வடசேரி சந்தையில் காய்கறி மண்டியில் வேலைக்குச் சேர்ந்த புதிது. மார்கழித் தேரோட்டத்துக்கு முந்தின நாள், சுசீந்திரம் ரதவீதியில் ஒரு பெரிய வீட்டுக்கு ஏத்தன் வாழைக்குலை கொண்டு இறக்கப் போனேன். அங்கே என் அம்மையின் தங்கை பகவதி சித்தி முந்திரிக்கொத்து சுட்டுக்கொண்டிருந்தாள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் கல்யாணம், சடங்கு எதுவானாலும் முந்திரிக்கொத்துக்குச் சித்திதான். சிறுபயறு மாவும் கருப்பட்டிப் பாகும் சேர்த்து உருட்டி அவள் போட்டால் உருளி எண்ணெயில் ஒன்றுகூட உடையாது. என்னைக் கண்டதும் ஒன்றை எடுத்து நீட்டினாள். வாய் சுட்டது. ஊதித் தின்னத் தெரியாத எருமை என்றாள்.

அப்போதுதான் அந்த வீட்டில் வெள்ளிக் கிண்டியைக் காணவில்லை என்று பேச்சு எழுந்தது. சாமி வரும்போது கால் கழுவ வைத்திருந்த மூக்குச் செம்பு அது. வீடு நிறைய விருந்தாளி. ஆனால் எல்லார் கண்களும் அடுக்களைக்குத்தான் திரும்பின. வீட்டுக்காரர் உள்ளே வந்தார். எல்லாரும் அண்ணாச்சி என்று கூப்பிடுகிற ஆள். சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

"பகவதி, நீ எடுத்திருக்க மாட்டே. நாலு பேரு வாயை அடைக்கணும்லா? ஆசிரமத்துக்காரிதானே நீ. இது இந்திரனே முக்கின ஊரு. உருளியில ஒரு விரல விடு பாப்போம்."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். நான் குலையைத் தோளில் வைத்துக்கொண்டே, "இது என்ன பேச்சு அண்ணாச்சி?" என்றேன். "குலைய இறக்கிட்டுப் போடே" என்றார். குலை அப்போது பார்த்துக் கைநழுவி என் கால்மேலேயே விழுந்தது. வீரம் பேசப் போனவன் நொண்டிக்கொண்டு நின்றேன்.

சித்தி எண்ணெயில் கிடந்ததைப் புரட்டிவிட்டாள். பிறகு நிமிர்ந்தாள்.

"இந்திரன் தப்பு செய்தான், முக்கினான். நான் என்னத்துக்கு அண்ணாச்சி முக்கணும்?"

சித்தி உடனே கிளம்பிவிடவில்லை. விட்டால் அந்த ஈடு கருகிவிடும். கடைசி முந்திரிக்கொத்து வரை கண்ணகப்பையால் அரித்து எடுத்து, விறகைப் பின்னுக்கு இழுத்து, கை கழுவிவிட்டுத்தான் படி இறங்கினாள்.

கிண்டி அன்று சாயங்காலமே கிடைத்துவிட்டது. விருந்தாளிகள் கூட்டத்தில் காணாமல் போய்விடக் கூடாதென்று அண்ணாச்சியின் அக்காவே துண்டில் சுற்றிப் பத்தாயத்தில் நெல்லுக்குள் புதைத்து வைத்திருந்தாள். பிறகு மறந்துவிட்டாள். மறதி யாருக்கும் வரும். ஆனால் கிடைத்ததை அந்த வீட்டில் ஒருவரும் வெளியே சொல்லவில்லை. பூசைக்காரர்கள் சாமிக்காகச் சத்தியம் செய்கிறார்கள். இவர்கள் சத்தியம் செய்யாமலே வாயை மூடிக்கொண்டார்கள். அங்கே நெல் அளக்கப் போகிற ஒருத்தி அடுத்த அறுப்புக்குப் பிறகுதான் என் அம்மையிடம் இதைச் சொன்னாள்.

அதற்குள் ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. "முக்கலியே, அப்ப எடுத்தது அவதான்." கல்யாண வீடுகளில் சித்தியைக் கூப்பிடுவது நின்றது. கிண்டி கிடைத்த கதையை அம்மை வீடு வீடாகப் போய்ச் சொல்லிப் பார்த்தாள். "தங்கச்சிக்குப் பரிஞ்சு பேசாம இருப்பியா?" என்று கேட்டார்கள். சித்தி தேங்காய்ப்பட்டணத்தில் ஒரு வளைகுடாக்காரர் வீட்டுக்குச் சமையலுக்குப் போனாள். ஊருக்குத் திரும்பவே இல்லை. நான் பார்க்கப் போகும்போதெல்லாம் மீன்குழம்பு வைத்துப் போடுவாள். முந்திரிக்கொத்து மட்டும் சுடவில்லை. ஒருதடவை ஆசையாகக் கேட்டேன். "மறந்து போச்சுடே" என்றாள். அது பொய். அவள் சொல்லி நான் கேட்ட ஒரே பொய்.

அனுசூயை கையில் அந்தத் தண்ணீர் இருந்தது. சித்தி கையில் கண்ணகப்பைதான் இருந்தது.

பெரியவளே, உன் ஜாமெட்ரி பெட்டி என் வண்டிப் பெட்டிக்குள் கிடந்தது. மழையில் நனையாமல் இருக்கட்டும் என்று நானே வைத்து, நானே மறந்திருக்கிறேன். பார்த்த உடனே வாசலில் நின்று உரக்கச் சொன்னேன். பக்கத்து வீட்டு மைனி எட்டிப் பார்த்துச் சிரித்தாள், உங்கள் அம்மை தலையில் அடித்துக்கொண்டாள். சொல்லி முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

போன மாதம் ரதவீதி வழியாகப் போனேன். அந்த வீட்டை இடித்து, சுற்றுலா வண்டிகள் நிறுத்துகிற இடமாக்கியிருக்கிறார்கள். பத்தாயம் பலகை பலகையாக விலைக்குப் போயிற்றாம். அண்ணாச்சி இல்லை, அக்கா இல்லை, கிண்டி எங்கே போனதோ. முந்திரிக்கொத்து பேக்கரியில் பாக்கெட்டில் தொங்குகிறது. சித்தியும் போய்விட்டாள். டீக்கடையில் ஒரு வயசாளி என்னை உற்றுப் பார்த்து, "நீ அந்தக் கிண்டிக்காரிக்க அக்கா மவன்லா?" என்றார். டீயை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

வீடு போச்சு, ஆட்கள் போச்சு, அந்தப் பேச்சு மட்டும் போகவில்லை. என் அடுக்களை வரைக்கும் வந்து, என் மகன் கையை அடுப்புக்கு நேரே நீட்ட வைத்தது.

இனி யாராவது கேட்டால், கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள்.