ராயுவானுக்குக் கட்டிய பட்டுப்புடவை

டுரியான் காலம் வந்துவிட்டால் எங்கள் வீட்டில் யாரும் மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. பழைய பேப்பரைத் தரையில் விரித்து, பழத்தைப் பிளந்து நடுவில் வைத்து, சுற்றி உட்கார்ந்துவிடுவோம். போன சனிக்கிழமையும் அப்படித்தான். பினாங்குத் தீவின் பின்பக்கம், பாலிக் புலாவிலிருந்து வந்த பழம். வாசனை கீழ்மாடி வரைக்கும் போயிருக்கும். அம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், பல்கலைக்கழக விடுமுறைக்கு வந்திருந்த என் மகள் ஒரு பக்கம். அவள் வலது கையில் சுளை, இடது கையில் கைப்பேசி. டுரியான் படாத அந்த இடது கட்டைவிரலால் எதையோ தட்டிக்கொண்டே இருந்தாள்.

சாப்பிடும்போதுகூட அதை வைக்க முடியாதா என்று கேட்டேன்.

"ராயுவான் போடுறேன்மா. ஒரு பேப்பருக்கு சி குடுத்துட்டாங்க. மறுபடி திருத்தச் சொல்லிக் கேக்குறேன்."

ராயுவான் என்றால் மேல்முறையீடு. மலாய்ச் சொல்தான், ஆனால் எங்கள் ஊரில் மேல்முறையீடு என்று வீட்டுக்குள் யார் சொல்கிறார்கள்? தட்டி முடித்தாள், அடுத்த சுளையை எடுத்தாள். அவ்வளவுதான் அவளுடைய ராயுவான்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் அம்மா சாப்பிடுவதை நிறுத்தினார். கையைக் கழுவிவிட்டுத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வயதானவர், டுரியான் சூடு ஏறியிருக்கும், படுக்கப் போகிறார் என்று நினைத்தேன். நான் நினைத்ததெல்லாம் எப்போது சரியாக இருந்திருக்கிறது?

டுரியான் எனக்குப் பிடிக்கும். ஆனால் குளிரூட்டிய அறையில் அந்த வாசனை வந்தால் இன்றைக்கும் என் காது சூடாகிவிடும். எங்கேயாவது ஒளிந்துகொள்ளலாமா என்று இருக்கும். அதற்கும் ஒரு ராயுவான்தான் காரணம்.

நான் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பான ஆறாம் படிவம் முடித்த வருடம். அப்போதும் இதே ஆயர் ஈத்தாமில்தான் இருந்தோம், வேறு அடுக்குமாடியில். அப்பா தொழிற்சாலை பஸ் ஓட்டினார். விடிவதற்கு முன்னே பெண்களை ஏற்றிக்கொண்டு பாயான் லெப்பாஸ் போய் இறக்கிவிட்டு, ஷிப்ட் முடிந்தவர்களை ஏற்றிக்கொண்டு திரும்புவார். தேர்வில் எனக்கு நல்ல மார்க். கணக்கியல் படிக்க வேண்டும் என்று அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்திருந்தேன். பதில் கடிதம் வந்தது. 'டுக்காசித்தா' என்று ஆரம்பித்தது. வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம் என்பதற்கு மலாயில் இப்படி ஒரு சொல், ஏதோ ஒரு ராணியின் பெயர் மாதிரி. இடம் இல்லை.

தனியார் கல்லூரிக்குப் போக எங்களுக்கு வழியில்லை. இடம் கிடைக்காவிட்டால் அப்பாவின் பஸ்ஸில் நானும் ஒரு சீட்டில் உட்கார்ந்து பாயான் லெப்பாஸ் போக வேண்டியதுதான். அதில் ஒரு குறையும் இல்லை, எங்கள் மாடியில் பாதிப் பேர் அப்படித்தான் போனார்கள். ஆனால் அப்பாவுக்கு ஒரே ஆசைதான் இருந்தது. அந்த பஸ்ஸில் என்னை ஏற்றக் கூடாது.

கடிதத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னது ஒன்றுதான். ராயுவான் போடு, ஆனால் சும்மா போட்டால் போதாது, சேவை மையத்தில் போய் ஆளைப் பார். அந்தக் காலத்தில் ராயுவான் என்றால் இரண்டு வேலை. ஒன்று, விண்ணப்பப் பாரத்தை நிரப்பிப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவது. அது சின்ன வேலை. பெரிய வேலை, கட்சி சேவை மையத்துக்குப் போவது. அங்கே ஒரு ஆதரவுக் கடிதம் தருவார்கள். நிருபரைக் கூப்பிட்டுப் படம் எடுத்துப் பேப்பரில் போடுவார்கள். ஒவ்வொரு வருடமும் அந்தச் சமயத்தில் தமிழ்ப் பேப்பரைத் திறந்தால் கையில் தேர்வு முடிவுத்தாளோடு ஒரு பிள்ளை, பக்கத்தில் கண் கலங்கிய ஒரு அம்மா. எங்கள் வீட்டில் அந்தப் படங்களைப் பார்த்து நாங்கள் உச்சுக் கொட்டியிருக்கிறோம். நம் முறை வரும் என்று நினைக்கவில்லை.

இனி, பெரியவர்களைப் பார்க்கப் போவதற்கு எங்கள் வீட்டில் இருந்த இரண்டு சட்டங்களைச் சொல்ல வேண்டும். வெறுங்கையோடு போகக் கூடாது, இது அப்பாவின் சட்டம். பிச்சைக்காரர் மாதிரி போகக் கூடாது, இது அம்மாவின் சட்டம். கேட்கப் போகிறோம் என்பதற்காகக் கேவலமாகவா போவது, நாலு பேர் மதிக்கிற மாதிரி போனால்தான் காரியம் நடக்கும் என்பார் அம்மா.

அப்பா தன் சட்டப்படி பாலிக் புலாவில் தோட்டம் வைத்திருந்த நண்பரிடம் சொல்லி ஒரு கூடை டுரியான் வாங்கிவந்தார். அம்மா தன் சட்டப்படி கல்யாணப் பட்டை எடுத்தார். வாடாமல்லி நிறம், கை அகல ஜரிகை. கழுத்துக்குத்தான் ஒன்றும் இல்லை. தாலிகூட மஞ்சள் கயிற்றில்தான் இருந்தது. எதிர்வீட்டு மைமூன் அக்கா, சந்தையில் மீ கோரேங் என்கிற வறுத்த நூடுல்ஸ் கடை வைத்திருந்தவரின் மனைவி, விஷயம் கேள்விப்பட்டுத் தன் இரட்டை வடச் சங்கிலியைக் கொண்டுவந்து நீட்டினார். "பெரிய எடத்துக்குப் போறீங்க. கழுத்து வெறுசா இருந்தா நல்லாவா இருக்கும்? போட்டுட்டுப் போய்ட்டு வாங்க லா" என்றார். அந்தச் சங்கிலியைப் போட்டதும் அம்மாவின் நடையே மாறிவிட்டது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அம்மா அவ்வளவு அழகு என்று எனக்கு அதற்கு முன் தெரியாது.

அப்பா இரண்டு ஷிப்டுக்கு நடுவில் அழைத்துப் போனதால் தொழிற்சாலை பஸ்ஸிலேயே டவுனுக்குப் போனோம். அத்தனை பெரிய பஸ்ஸில் நாங்கள் மூன்று பேரும் ஒரு கூடை டுரியானும். மகாராணிக்குக்கூட இப்படி ஒரு வண்டி கிடைத்திருக்காது.

சேவை மையம் ஒரு பழைய கடைவீட்டின் மேல்மாடியில் இருந்தது. ஜன்னல்களையெல்லாம் அடைத்துவிட்டுக் குளிரூட்டி போட்டிருந்தார்கள். எங்களுக்கு முன்னாலேயே இரண்டு குடும்பங்கள் காத்திருந்தன. அப்பா கூடையை நாற்காலிக்குக் கீழே வைத்தார். கொஞ்ச நேரத்தில் அறையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்க ஆரம்பித்தார்கள். மூடிய குளிரறையில் பழுத்த டுரியான் என்ன செய்யும் என்று பினாங்கில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மையத்தைக் கவனித்துக்கொண்ட சுகு அண்ணன் உள்ளிருந்து வந்து, யார் இதைக் கொண்டுவந்தது என்று கேட்டார். அப்பா எழுந்து நின்று, உங்களுக்குத்தான் தம்பி என்றார். அண்ணனுக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. கூடை படிக்கட்டுக்குப் போனது. அப்பா உட்காரவே இல்லை. சாலையில் யாருக்கும் வழிவிடாமல் ஹாரன் அடிக்கிற மனுஷன் அன்றைக்குச் சுவரோரமாக நின்றார். அப்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம்.

சுகு அண்ணன் கெட்டவர் இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும். என் மார்க்கைப் பார்த்து, இதுக்கே இடம் இல்லையா என்று உண்மையாகவே கோபப்பட்டார். கடிதத்தைத் தயார் செய்தார். நிருபரைக் கூப்பிட்டார். என்னையும் அம்மாவையும் சுவர் முன்னால் நிறுத்தினார்கள்.

அம்மாவுக்குப் படம் என்றால் சிரிக்க வேண்டும். கல்யாணத்தில், காதுகுத்தில், தீபாவளியில் என்று அதுவரை எடுத்த அத்தனை படத்திலும் சிரித்தவர்தான். நிருபர் கேமராவைத் தூக்கியதும் சிரித்தார். சிரிக்கக் கூடாது என்றார்கள். சரி என்று தலையாட்டிவிட்டு மறுபடியும் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்போதுதான் சுகு அண்ணன் அம்மாவை மேலிருந்து கீழாக ஒரு முறை பார்த்தார்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. கல்யாணத்துக்குப் போற மாதிரி வந்திருக்கீங்க. இதப் பேப்பர்ல பாத்தா எவனுக்கு எரக்கம் வரும்? அந்தச் சங்கிலிய மட்டும் கழட்டி வச்சிருங்க. அழுத பிள்ளைதானே பால் குடிக்கும்."

அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா படிக்கட்டுப் பக்கம் பார்த்தார், கூடை அங்கேதானே இருந்தது. அம்மா கையைப் பின்னால் கொண்டுபோனார். இரவல் சங்கிலி, அதன் கொக்கி பழக்கமில்லை. விரல் தடுமாறியது. வரிசையில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சீக்கிரம் முடிந்தால் போதும் என்று இருந்தது எனக்கு. நான்தான் பின்னால் போய்க் கழற்றினேன். கழுத்தில் சங்கிலி கிடந்த இடம் வேர்த்திருந்தது. மைமூன் அக்காவின் பொருள், எங்கேயும் வைக்கப் பயமாக இருந்ததால் கைக்குள்ளேயே வைத்து மூடிக்கொண்டேன். ஜரிகை தெரியாமல் இருக்க அம்மாவின் மார்புக்கு முன்னால் ஒரு ஃபைலைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு அம்மாவிடம் சிரிக்கக் கூடாது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

படம் வந்தது. ஆயர் ஈத்தாம் சந்தையில் மீன்காரர்கூட என்னிடம் துக்கம் விசாரித்தார். படத்தில் என் வலது கை இறுக மூடியிருக்கும். என் பழைய தமிழாசிரியர் அதைப் பார்த்துவிட்டு, முஷ்டியைப் பார், என்ன மன உறுதி என்று வகுப்பில் பெருமையாகச் சொன்னாராம். உறுதியாவது ஒன்றாவது. உள்ளே சங்கிலி. மைமூன் அக்கா அந்தப் பேப்பரோடு எங்கள் வாசலுக்கு வந்து, சங்கிலி போட்டோவில் காணோமே என்று கேட்டார். வெளிச்சத்தில் விழவில்லை போலிருக்கிறது என்று சொல்லி அம்மா உள்ளே போய்விட்டார். அதைப் பற்றி எங்கள் வீட்டில் பேசியது அத்தோடு சரி. நானும் கேட்கவில்லை. அம்மா மறந்துவிட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இடம் கிடைத்தது. அப்பா அழுதார். சுகு அண்ணன் வாங்கிக்கொடுத்த இடம் என்று ஊரெல்லாம் சொன்னார். அதற்குப் பிறகு ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு டின் முறுக்கு சேவை மையத்துக்குப் போனது. தேர்தல் வந்தால் கொடி கட்ட அப்பா போனார்.

படித்து முடித்த பிறகு சில வருடங்கள் நான் ஒரு பல்கலைக்கழகத்தில் மாணவர் சேர்க்கைப் பிரிவில் வேலை பார்த்தேன். ராயுவான்கள் வந்து குவிகிற அறையும் எங்கள் மாடியில்தான் இருந்தது. எல்லா இடத்திலும் அப்படித்தான் என்று சொல்ல மாட்டேன், நான் பார்த்ததைச் சொல்கிறேன். கிடைத்த இடத்தை வேண்டாம் என்று யாராவது விட்டுவிட்டுப் போவார்கள். காலியான இடத்துக்கு, ராயுவான் போட்டவர்களில் மார்க் அதிகமுள்ளவரை எடுப்பார்கள். அவ்வளவுதான். ஆதரவுக் கடிதங்களையும் பேப்பர் துண்டுகளையும் தனியாக ஒரு பெட்டியில் போடுவார்கள். நான் படித்த இடத்திலும் இதே வழக்கம்தான் என்று கூட வேலை பார்த்தவர் சாதாரணமாகச் சொன்னார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் எங்களுடையது. இதில் இன்னொன்று, அந்த மாடியில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். யார் படித்து இரக்கப்படுவதற்காக அம்மா அந்தச் சுவர் முன்னால் நின்றார்?

பெட்டியிலிருந்த படங்களை மதிய இடைவேளையில் எடுத்துப் பார்ப்பேன். பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க மாட்டேன். அந்த அம்மாக்களின் கழுத்தைத்தான் பார்ப்பேன். எல்லாக் கழுத்தும் வெறுமையாகத்தான் இருக்கும். இல்லாததால் வெறுமையா, கழற்றச் சொன்னதால் வெறுமையா என்று எனக்கு எப்படித் தெரியும்? பார்த்துவிட்டு மூடி வைப்பேன்.

அப்பாவிடம் இதை நான் சொல்லவில்லை. முறுக்கு டின்னைத் துணியில் கட்டிக்கொண்டு புறப்படுகிற மனுஷனிடம் எப்படிச் சொல்வது? அப்பா போய்விட்டார். சுகு அண்ணனும் போய்விட்டார். சேவை மையம் இருந்த மேல்மாடியில் இப்போது வெளியூர்ப் பயணிகள் தங்குகிறார்கள், அடைத்த ஜன்னல்களைத் திறந்து பூந்தொட்டி வைத்திருக்கிறார்கள். பேப்பரில் அந்த மாதிரிப் படங்களும் குறைந்துவிட்டன. வரிசை இல்லை, படிக்கட்டு இல்லை, ஏறிப் போய்ப் பார்க்க ஆளும் இல்லை. கட்டைவிரலால் தட்டினால் போதும், இல்லை என்ற பதில்கூடக் கைக்குள்ளேயே வந்துவிடும். என் மகளுக்கு அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. எனக்கு அது நிம்மதிதான், பொறாமையும்தான்.

மறுபடி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். டுரியான் தோலைப் பேப்பரோடு சேர்த்துச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அம்மாவின் அறைக்கதவு திறந்தது. முதலில் பாச்சை உருண்டை வாசனை வந்தது. பின்னால் அம்மா. வாடாமல்லிப் பட்டு. முடி வாரி, நெற்றிக்கு இட்டிருந்தார். கையில், நான் சம்பாதித்து வாங்கிக்கொடுத்த இரட்டை வடச் சங்கிலி. வாங்கின நாளிலிருந்து அலமாரியில் தூங்குகிற சங்கிலி அது.

"யாரப் பாக்கணும்? கெளம்பலாமா?" என்றார்.

யாரையும் பார்க்க வேண்டாம், அனுப்பி முடித்தாகிவிட்டது என்று என் மகள் சிரித்துக்கொண்டே சொன்னாள். அம்மா அவளைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். அருகில் வந்து, சங்கிலியைக் கழுத்தில் வைத்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்றார்.

"கொக்கி மாட்டிவிடு. இந்தத் தடவ யாரு சொன்னாலும் நீ கழட்டாத."

கழற்றச் சொல்கிறவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். கை கழுவக்கூடப் போகவில்லை. டுரியான் விரலோடு கொக்கியை மாட்டினேன்.