கருங்குயில் மேல் ஆள் இல்லை

என் சகலைக்குக் குதிரைப் பந்தய மைதானத்தில் பெயர் கிடையாது. காதுக்காரர் என்றால்தான் தெரியும். மாலைப் பத்திரிகையில் பந்தயத்துக்கு முந்தின நாள் ‘காதில் விழுந்தது’ என்று ஒரு பத்தி வருமே, அது அவருடையது. எந்தக் குதிரை ஜெயிக்கும், எதன்மேல் கட்டினால் வீட்டுக்கு நடந்தே போக வேண்டிவரும் என்று அதில் எழுதுவார். எழுதியதெல்லாம் பலிக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். பலித்த நாளில் ஊர் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடும். பலிக்காத நாளில் வாசலுக்கே வந்து வாழ்த்திவிட்டுப் போவார்கள். அந்த வாழ்த்தை இங்கே எழுத முடியாது.

மற்ற டிப்ஸ்காரர்கள் விடிந்ததும் பைனாகுலரும் ஸ்டாப்வாட்சுமாக வேலியோரம் வரிசைகட்டி நிற்பார்கள். இவர் மட்டும் வேலிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கவிழ்த்துப் போட்ட வாளிமேல் டீயோடு உட்கார்ந்திருப்பார். ஓடுகிற குதிரையைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். குளம்பு விழுகிற விதம், மூச்சு வாங்குகிற விதம், சேணத்துத் தோல் முனகுகிற விதம், இவை போதும் என்பார்.

"கண்ணு ஆசைப்படும் தம்பி. பளபளன்னு இருந்தா மயங்கிடும். காதுக்கு அந்த வியாதி கிடையாது."

அவர் மனைவி, அதாவது என் மனைவியின் அக்கா, சமையலறையிலிருந்தே இதற்குப் பதில் சொல்வார். "மைதானத்துல ஈ பறந்தா கேக்கும். கேஸ் தீந்துபோச்சுன்னு நான் கத்தினா மட்டும் கேக்காது."

நான் தராசு பழுதுபார்க்கிறவன். மளிகைக் கடைத் தராசு, ஆஸ்பத்திரியில் குழந்தை நிறுக்கிற தராசு, லாரி ஏறுகிற எடைமேடை எல்லாம் என் கை பட்டவை. முள் எங்கே நிற்கிறதோ அதை நம்புவேன், மற்றதெல்லாம் வெறும் வாய்ப்பேச்சு. ராசி, சகுனம் என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். சகலையின் காதைப் பற்றி வாக்குவாதம் இல்லாமல் நாங்கள் சேர்ந்து சாப்பிட்ட நாளே கிடையாது.

அவர் வீட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. குடும்பத்துக்கு டிப்ஸ் கிடையாது. அவரும் சொல்ல மாட்டார், இவர்களும் கேட்க மாட்டார்கள். மகள் ஒரு ஜாக்கியைக் கல்யாணம் செய்துகொண்ட பிறகு அது இன்னும் இறுகிவிட்டது. மாப்பிள்ளை தங்கமான பையன். ஒல்லி உடம்பு, ஓயாத சிரிப்பு. ஆனால் எத்தனையோ வருஷமாக அடுத்தவர் வேண்டாம் என்று விட்ட குதிரைகளைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். இந்தத் தடவைதான் அதிர்ஷ்டம் கதவைத் தட்டியது. விடுமுறை நாள் கோப்பைப் பந்தயத்தில் கருங்குயில் என்ற பெண்குதிரையை ஓட்ட அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். ஊரே அந்தக் குதிரையின் பக்கம். ஜெயித்தால் அந்த லாயத்திலேயே நிரந்தர ஜாக்கி. மகள் கால் தரையில் படாமல் நடந்தாள்.

பந்தயத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, ஜாக்கிகளை நிறுக்கிற தராசைச் சரிபார்க்க நான் மைதானத்துக்குப் போனேன். வெளிச்சம் இன்னும் சரியாக வரவில்லை. பனி புல்லோடு ஒட்டிக் கிடந்தது. குதிரைகள் பனிக்குள்ளிருந்து வந்து பனிக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தன. சகலை வழக்கம்போல வாளிமேல் இருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"செம்பருத்தி" என்றார் டீயைப் பார்த்தபடி. செம்பருத்தி போயிற்று. "கப்பல்காரன். இவனுக்கு இன்னும் மூக்கு அடைப்பு விடல." கப்பல்காரன் போயிற்று. ஒன்றுகூடத் தப்பவில்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது.

அடுத்த குளம்பொலி கேட்டதும் அவர் நிமிர்ந்தார்.

"கருங்குயில் வருது. ஐயோ, ஜாக்கியக் கீழ தள்ளிட்டு வருது தம்பி! ஓடிப் போய் யாரையாவது பிடிக்கச் சொல்லு!"

நான் பார்த்தேன். கருங்குயில் வந்தது. அதன்மேல் மாப்பிள்ளை ஜம்மென்று குனிந்து உட்கார்ந்திருந்தார். எங்களைத் தாண்டும்போது சாட்டையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார்.

"என்ன அண்ணே, காலங்காத்தால விளையாட்டு? மாப்பிள்ளை மேலதான் இருக்கார்."

அவர் திரும்பினார். குதிரையின் பின்பக்கமும் மாப்பிள்ளையின் முதுகும் பனிக்குள் போவதைப் பார்த்தார். டீ அவர் வேட்டியில் கொட்டிக்கொண்டிருந்தது. அவருக்குச் சூடு தெரிந்ததாகத் தோன்றவில்லை.

"வெறுங்குதிரை ஓடினா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? கால் வைக்கிற இரும்பு வளையம் ரெண்டும் விலாவுல மோதும். சேணம் முனகாது. மூச்சு தாராளமா வரும். இப்ப போச்சே, அது வெறுங்குதிரை."

அடுத்த சுற்றுக்குக் கண்ணை இறுக மூடிக்கொண்டார். மாப்பிள்ளை மறுபடியும் எங்களைக் கடந்தார். "இல்ல" என்றார் சகலை. அவரைப் பார்த்து எனக்கும் பயம் வந்தது. பயம் வந்ததற்காக என்மேலேயே கோபமும் வந்தது.

சமாதானத்துக்காக, எடை பார்க்கிற அறைக்கு மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன். தராசைச் சோதிக்க ஓர் ஆள் வேண்டும் என்று சாக்குச் சொன்னேன். அவர் ஏறி நின்றார். முள் சரக்கென்று போய் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. அவர் இறங்கிப் போன பிறகு சகலையிடம் சொன்னேன்.

"முழு எடை இருக்கு அண்ணே. ஒரு குன்றிமணி குறையல."

"எடை இருக்கு தம்பி. இப்ப இறங்கி நடந்து போனாரே, உனக்கு ஏதாவது கேட்டுதா?"

"நான் முள்ளைப் பார்த்துட்டிருந்தேன்" என்றேன். அது உண்மைதான்.

கருங்குயில் மாப்பிள்ளையை உயிரோடு விடாது என்று சகலை முடிவுகட்டிவிட்டார். ஆனால் மாப்பிள்ளையிடம் போய் எப்படிச் சொல்வது? உன் வாழ்க்கையிலேயே பெரிய பந்தயத்தை விட்டுவிடு, என் காதில் நீ விழவில்லை என்றா? சிரிப்பார். மகளிடம் சொன்னால் அழுவாள். சகலை அன்று பகல் முழுக்க மேஜை முன்னால் உட்கார்ந்து பத்தியை எழுதினார். மறுநாள் மாலை அது வந்தது. நான் கடை வாசலில் நின்று படித்தேன்.

‘விடுமுறை நாளின் முதல் பந்தயத்தில் செம்பருத்தி. நாலு காலும் தாளம் தப்பாமல் விழுகின்றன, தைரியமாகக் கட்டலாம். இரண்டாவதில் கப்பல்காரன் நல்லவன்தான், ஆனால் தடம் ஈரமாக இருக்கிறது, அவனுக்குச் சேறு ஆகாது. இரண்டாமிடத்துக்கு மட்டும் கட்டுங்கள். மூன்றாவதில் எது ஜெயித்தாலும் எனக்கு ஆச்சரியமில்லை. அந்த நேரத்தில் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். கோப்பைப் பந்தயத்துக்கு ஊரே கருங்குயில் என்கிறது. கருங்குயிலைத் தொடாதீர்கள். என் குடும்பத்தில் ஒருவரும் அதன்மேல் கட்டப்போவதில்லை.’

கடைசி வரியைப் படித்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. கருங்குயிலின் டிரெயினர் தன் நிழலையே நம்பாத மனுஷன். ஜாக்கியின் சொந்தக்காரர்கள் அவன் குதிரைக்கு எதிராகப் பணம் கட்டுவதாகக் காற்றில் ஒரு பேச்சு வந்தாலே போதும், குதிரையை இழுத்துப் பிடித்துத் தோற்கப்போகிறான் என்று முடிவுகட்டி, விசாரிக்காமல் ஆளை மாற்றிவிடுவார். மைதானத்தில் இது எல்லோருக்கும் தெரியும். மாமனாரே பத்திரிகையில் அச்சடித்துச் சொன்னால் கேட்க வேண்டுமா? பத்திரிகை வந்த கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளையின் இடத்தில் வேறு ஜாக்கி வந்துவிட்டான். சகலை தன் மாப்பிள்ளையின் பிழைப்பில் மண்ணைப் போட்டு உயிரைக் காப்பாற்றியிருந்தார். அப்படித்தான் அவரும் நினைத்தார்.

"அப்போ அந்த இன்னொரு பையன்?" என்று கேட்டேன்.

அவர் முகத்தை மூடிக்கொண்டார். "அதைக் கேக்காதே தம்பி. ராத்திரியெல்லாம் அதைத்தான் கேட்டுக்கிட்டிருந்தேன்."

விடுமுறை நாளில் மைதானம் நிரம்பி வழிந்தது. குழந்தைகள் தோளில் ஏறியிருந்தன. புதுச் சட்டைகள், ஐஸ்கிரீம், ஒலிபெருக்கி. செம்பருத்தி ஜெயித்தது. கப்பல்காரன் இரண்டாவதாக வந்தது. காதுக்காரர் வாழ்க என்று நாலு பேர் கத்தினார்கள். அவருக்கு அது உறைக்கவேயில்லை. கோப்பைப் பந்தயத்துக்கு வேலியில் முதுகைச் சாய்த்து நின்றார். அவருக்கு எதிரே ஆயிரக்கணக்கான முகங்கள், ஒன்றுகூட அவரைப் பார்க்காமல், அவரைத் தாண்டி வெறித்துக்கொண்டிருந்தன. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

குதிரைகள் திருப்பத்தில் வந்தன. கருங்குயில் முன்னால்.

"கனமா இருக்கு!" என்று கத்தினார். "ஆள் இருக்கான் தம்பி! சேணம் முனகுது, நல்லாக் கேக்குது, மேல ஆள் இருக்கான்!"

ஆனந்தத்தில் என்னைக் கட்டிக்கொண்டார். கருங்குயில் ஜெயித்தது. புது ஜாக்கி சேற்று முகத்தோடு கையைத் தூக்கினான். கூட்டம் எம்பிக் குதித்தது. பத்திரிகையைச் சுருட்டி எங்கள்மேல் எறிந்தார்கள். எனக்கும் சந்தோஷம்தான், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லையே. ஆனால் என்னைக் கட்டிக்கொண்டிருந்த கைகள் மெல்லத் தளர்ந்தன.

"அப்போ குதிரை இல்ல" என்றார் காதோரமாக. "குதிரை இல்ல தம்பி. நம்ம பையன்."

சாயங்காலம் அவரை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். மாடி வீடு. மரப்படி பழசு, பூனை ஏறினாலும் காட்டிக்கொடுத்துவிடும். அக்கா சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். சகலை ஜன்னலோரம் உட்கார்ந்தார், விளக்கைப் போட வேண்டாம் என்றார். சற்று நேரத்தில் படியில் ஒரே ஓர் ஆள் ஏறிவரும் சத்தம் கேட்டது. மகள் வருகிறாள் என்று எழுந்துபோய்க் கதவைத் திறந்தேன். மகள் நின்றாள். அவள் பின்னால் மாப்பிள்ளையும் நின்றார், கையில் பூட்ஸ் பையோடு.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கால் வைத்து ஏறியிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மகள் அழுது முடித்துவிட்டு வந்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"ஜெயிச்ச குதிரைப்பா அது. இவர் மேல இருந்திருக்கணும். எங்க தலையில கல்லைத் தூக்கிப் போட உங்களுக்கு எப்படிப்பா மனசு வந்தது?"

மாப்பிள்ளைதான் பேசினார். கோபத்திலும் அந்தச் சிரிப்பு முழுசாகப் போகவில்லை.

"போகட்டும் விடு. மாமா, நாளைக்கும் பந்தயம் இருக்கு. ஒரு ஜாக்கிக்குக் கை பிசகிடுச்சு, அவன் குதிரையை என்னை ஓட்டச் சொல்லியிருக்காங்க. முரட்டுக் குதிரைதான், பரவால்ல. இதையும் கெடுத்துடாதீங்கன்னு சொல்லத்தான் வந்தேன்."

சகலை ஒரு தடவை என்னைப் பார்த்தார். பிறகு நடந்ததை அப்படியே சொன்னார். பனி, குளம்பொலி, தராசு, இன்று திருப்பத்தில் கேட்டது எல்லாம். சொல்லி முடித்ததும் மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்தார்.

"நான் என்ன பேயா மாமா? இந்தாங்க, நல்லாக் கேட்டுக்குங்க!"

காலைத் தூக்கி ஓங்கித் தரையில் மிதித்தார். அலமாரியில் டம்ளர்கள் கிலுகிலுவென்று ஆடின. மறுபடியும் மிதித்தார். டம்ளர்கள் ஆடின.

மகள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "சித்தப்பா?" என்றாள். டம்ளர் சத்தம் கேட்டது என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடியும்.

சமையலறையில் குழாயை மூடும் சத்தம். அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே அங்கிருந்து குரல் கொடுத்தார்.

"ஏண்டி, படியில ஒரு ஆள் ஏறின சத்தம்தானே கேட்டுது, நீ மட்டுமா வந்தே? நல்ல நாளும் அதுவுமா மாப்பிள்ளையை எங்க விட்டுட்டு வந்தே?"

மாப்பிள்ளையின் சிரிப்பு அப்படியே நின்றது. குனிந்து தன் கால்களைப் பார்த்தார். மகள் பாய்ந்து அவர் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவர் பூட்ஸ் பையை மெதுவாகத் தரையில் வைத்தார். பை தரையில் பட்ட சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.