சனிக்கிழமைச் சூலமும் சிலோன் யானையும்

சிலோன் காட்டுக்குக் கிளம்பிய நான் உசிலம்பட்டியில் கோழி விரட்டிக்கொண்டு நின்றேன் என்றால் யார் நம்புவார்கள்? நடந்தது அதுதான். எழுபதுகளின் கடைசி. ராமேஸ்வரத்தில் கப்பல் ஏறினால் தலைமன்னாரில் இறங்கலாம் என்றிருந்த காலம்.

நானும் என் கூட்டாளியும் கப்பலூரில் ஒரே பட்டறையில் வேலை பார்த்தோம். அவனுக்குக் குவைத்தில் வேலை கிடைத்து, அடுத்த மாதம் பயணம். போனால் நாலைந்து வருஷத்துக்குத் திரும்ப முடியாது. அதற்குள் மன்னாருக்குத் தெற்கே இருக்கும் காட்டில் யானைக் கூட்டத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று துடித்தான். கோயில் யானை போதாதா என்று கேட்டால், “அது நம்மளப் பாத்து சலாம் போடுது மாப்ள. நம்மளச் சட்டையே பண்ணாத யானையப் பாக்கணும்” என்பான். எனக்கு யானை மேல் அப்படியொன்றும் ஆசை இல்லை. அவன் போகிறான், அதனால் நானும்.

குவைத் பேச்சு எழுந்ததிலிருந்தே ஆறு மாதம் திட்டம் போட்டோம். முதுகில் மாட்டும் பை அன்றைக்கு மதுரையில் எங்கே கிடைக்கும்? லாரிக்குப் படுதா தைப்பவரிடம் சொல்லி ஆளுக்கொன்று தைத்துக்கொண்டோம். உள்ளே ஒன்றும் வைக்காமலே தோளை இழுத்தது. அரிசியும் பருப்பும் அவன் பையில். சட்டியும் ஸ்டவ்வும் தீப்பெட்டியும் என் பையில்.

சனிக்கிழமை சாயங்காலம் ரயில். வியாழக்கிழமைதான் அம்மா காலண்டரைப் பார்த்தாள். சனிக்கிழமை கிழக்கே சூலம். ராமேஸ்வரமும் கிழக்கே.

“கடல் தாண்டிப் போற புள்ள சூலத்துக்கு எதிராயா போறது?”

கப்பல் தினமும் கிடையாது, நாளை மாற்ற முடியாது என்று தொண்டை வற்றக் கத்தினேன். “அப்பப் பரஸ்தானம் வச்சிரு” என்றாள். பயணச் சாமானில் ஏதாவது ஒன்றை நல்ல நேரத்தில் வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால், அப்போதே கிளம்பிவிட்டதாக அர்த்தம். பிறகு அந்த வீட்டிலிருந்து அதை எடுத்துக்கொண்டு எப்போது வேண்டுமானாலும் போகலாம். சூலம் ஏமாந்துவிடும். “ஒரு வேட்டி துண்டு வச்சாப் போதும்யா” என்றும் சொன்னாள். எனக்கு வந்த எரிச்சலில், “வேட்டி எதுக்கு, மொத்தத்தையும் கொண்டுபோய் வைக்கிறேன்” என்று பாஸ்போர்ட், டிக்கெட் உட்படப் பையில் திணித்து, வெள்ளிக்கிழமை காலை வில்லாபுரத்தில் சித்தி வீட்டில் இறக்கிவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை பதினோரு மணிக்குப் போனால் கதவில் பூட்டு. “உசிலம்பட்டிக்குத் துட்டிக்குப் போயிருக்காக. ஒங்க சித்தப்பாவோட பெரியப்பா தவறிட்டாராம்” என்றார் பக்கத்து வீட்டுக்காரர். சாவி சித்தியின் இடுப்பில்.

டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். சித்தி ஒப்பாரிக்கு நடுவே இருந்தாள். என்னைக் கண்டதும், “அம்புட்டுத் தூரத்துலருந்து ஓடியாந்துட்டானே எம்புள்ள” என்று இன்னொரு பாட்டம் அழுதாள். அந்த இடத்தில் சாவி கேட்க வாய் வருமா? சித்தப்பாவின் காதில் போட்டேன். “எழவு வீட்டுக்கு வந்தவன் எடுக்கறதுக்குள்ள போறதாவது?” என்று முறைத்தார்.

மூன்று மணிக்கு எடுப்பதாகச் சொன்னார்கள். சனிப் பிணம் தனிப் போகாது அல்லவா? பாடையில் ஒரு கோழியைக் கட்ட வேண்டும். கட்டப் போன நேரத்தில் அந்தக் கோழி கை நழுவி ஓடியது. பத்துப் பேர் பின்னால் ஓடினோம். என் ரயிலை நினைத்து நான்தான் முதலில் ஓடினேன். “பாசக்காரப் பய” என்று ஒரு பெரியவர் பாராட்டினார். சனியன் பிடித்த கோழி வைக்கோல் படப்புக்குள் சிக்கியபோது மணி நாலரை. சாவி வாங்கி, பையை எடுத்து, ஸ்டேஷனுக்கு ஓடினால் ரயில் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

மறுநாள் வண்டியில் ராமேஸ்வரம் போனேன். கப்பல் காலையிலேயே போய்விட்டது. முந்தின நாள் ரயிலிலேயே வந்துவிட்ட கூட்டாளி மட்டும் அரிசிப் பையின் மேல் உட்கார்ந்திருந்தான். அவன் டிக்கெட் அவன் கையில் இருந்தது, ஏறிப் போயிருக்கலாம். “நீ இல்லாம எங்கிட்டுப் போறது?” என்றான். அடுத்த கப்பலுக்கு இரண்டு நாள் காத்திருக்க வேண்டும். நடந்ததைச் சொன்னேன். பாஸ்போர்ட் எப்படி வில்லாபுரம் போனது என்று கேட்டான்.

“எங்கம்மாதான். மொத்தப் பையையும் வச்சாத்தான் ஆச்சுன்னு ஒத்தக் கால்ல நின்னுச்சு” என்றேன். கூசாமல் வந்துவிட்டது.

இரண்டு நாளும் கடற்கரையில் உட்கார்ந்து அம்மாவைத் திட்டினோம். கப்பலிலும் திட்டினோம். லீவில் காட்டுக்கு மிஞ்சியது ஒரே நாள். அன்றைக்கென்று விடிய விடிய மழை. தீப்பெட்டி நனைந்து பிசுபிசுத்தது. அரிசி ஊறி, பச்சையாகவே தின்னலாம் போலிருந்தது. கால் முழுக்க உண்ணி. காட்டுக் காவலர் ஒருவர் எங்களைக் குளத்துக்குக் கூட்டிப் போனார். கரைச் சேற்றில் அண்டா அண்டாவாகக் காலடிகள். யானை ஒன்றுகூட இல்லை.

“நேத்துப் பின்னேரம் வரைக்கும் இங்கதான் நிண்டது தம்பி, பெரிய கூட்டம். மழை பெய்ததும் உள்ளுக்குப் போயிட்டுது” என்றார்.

கூட்டாளி ஒரு காலடிக்குள் தன் காலை வைத்துப் பார்த்தான். அப்புறம் சொன்னான்: “ஊருக்குப் போனதும் அத்தைகிட்ட நேருக்கு நேராக் கேக்கப் போறேன் மாப்ள. இனி எப்ப நான் வர?”

மாப்ள என்று கூப்பிடும் முறைக்கு என் அம்மா அவனுக்கு அத்தை. கேட்டால் விஷயம் வெளியே வந்துவிடும். “அம்மா ஒரு வேட்டி போதும்னுதான் சொல்லுச்சு. வீம்புக்கு நாந்தான் பூராவும் வச்சேன்” என்றேன்.

யானை போனதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. “நாலு நாளா அத்தைய என் வாயாலயே திட்ட வச்சிட்டியேடா. அது கையில எம்புட்டுச் சோறு தின்னுருக்கேன்” என்றான். பையை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தான். கூப்பிட்டேன், திரும்பவில்லை. கப்பலிலும் ரயிலிலும் பேசவில்லை.

மதுரையில் இறங்கியவன் தன் வீட்டுக்குப் போகாமல் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தான். “அத்தை, சோறு போடுங்க” என்று உட்கார்ந்தான். அம்மாவுக்கு வாயெல்லாம் பல். “பரஸ்தானம் வச்சதுனாலதான் ரெண்டு பேரும் நல்லபடியா வந்து சேந்தீக” என்று அவன் தட்டில் இன்னொரு கரண்டி போட்டாள்.

“ஆமா அத்தை” என்றான் அவன். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.